எட்டாம் நம்பர் காரில் ஏறி இறங்கியவர்கள்

சென்னியப்பன் அந்தப் பச்சை ரேஸ் காருக்குள் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வீட்டுக்கு வந்த தை மாதத்து மத்தியானத்தில், அவருடைய இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்துக்குப் போயிருந்ததை முதலில் கண்டவள் அவர் மனைவி மயிலாத்தாள்தான். ஆனால் மச்சத்துக்கும் முன்னால் அவள் கண்ணில் பட்டது சட்டைப் பாக்கெட். இருபத்து நாலு வருஷமாக அவருக்குச் சட்டை தைக்கிறவள் அவள், பாக்கெட்டை இடது பக்கம்தான் வைப்பாள், உலகத்திலுள்ள எல்லாத் தையல்காரர்களும் அங்கேதான் வைப்பார்கள், அப்படியிருக்க அது வலது பக்கத்தில், அவள் போட்ட அதே இரட்டைத் தையலோடும் அதே பேனாக் கறையோடும் இருந்தது.

"ஏனுங்க, சட்டையப் பிரிச்சு மாத்தித் தெச்சது ஆருங்க?" என்று கேட்டாள்.

"சட்டையக் கேக்கறயா," என்றார் சென்னியப்பன். "ஊட்டு வாசலே எடம் மாறிக் கெடக்குது. நாம் பாட்டுக்கு வந்து செவுத்துல முட்டிக்கிட்டு நின்னேன்."

அவள் சோற்றைப் போட்டாள். அவர் இடது கையால் பிசைந்து சாப்பிட்டார், சோற்றாங்கையால் சாப்பிடுகிறவரின் வேகத்தோடும் சுத்தத்தோடும். பசியோடு இருக்கிற மனுஷனிடம் எதையும் விசாரிப்பது அவள் வழக்கமில்லை என்பதால், கை கழுவி முடியும்வரை பொறுத்திருந்து, அப்புறம்தான் அந்த மச்சத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

கார் வந்த கதையைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் எளிது. கோயமுத்தூருக்குக் கிழக்கே, லேத்துப் பட்டறைகளும் பம்பு செட்டுக்கு வார்ப்படம் ஊற்றுகிற ஆலைகளும் வீடுகளோடு வீடுகளாகக் கலந்து கிடக்கிற ஆவாரங்காட்டுப்புதூரில், நசுங்கிய காரைத் தட்டி நிமிர்த்துகிற டிங்கர் வேலையில் சென்னியப்பனை மிஞ்ச ஆள் இல்லை. அதே கொட்டகையின் மறு மூலையில் கார்களுக்கு சீட் தைக்கிற குஷன் வேலையில் மயிலாத்தாளை மிஞ்சவும் ஆள் இல்லை. இதைக் கேள்விப்பட்டுத்தான் கமலவேணி மில் முதலாளி வீட்டுப் பேரன் ஜெயவர்த்தன், மில்லின் நூறாவது ஆண்டு விழாவுக்கு ஒரு வருஷம் இருக்கும்போதே, கையில் ஒரு பழைய போட்டோவோடு வந்து நின்றான். போட்டோவில் சுருட்டு மாதிரி நீண்டு, நாலு சக்கரமும் உடம்புக்கு வெளியே நிற்க, ஒரே ஆள் உட்காரும் குழியோடு ஒரு கார் இருந்தது. மூக்குக்குப் பக்கத்தில் வெள்ளை வட்டத்துக்குள் எட்டு என்கிற நம்பர். உடம்பின் இடது பக்கம் முழுக்க ஓடுகிற புகைக்குழாய். பக்கத்தில் அவனுடைய தாத்தா, ஜெயித்த கோப்பையை இடது கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"அறுபத்திரண்டுல எங்க தாத்தா ஜெயிச்ச கார்ங்க இது. வித்துட்டாங்க, எங்க போச்சுன்னே தெரியலை," என்றான் அவன். "விழாவுல இதே மாதிரி ஒண்ணு நிக்கணும். மாடல் மாதிரின்னு சொல்லிரக் கூடாது, அதேதான்னு சொல்லணும். ஒரு ஆணி மாறக் கூடாதுங்க."

"மாறாதுங்க," என்றார் சென்னியப்பன்.

அந்த ஒரு போட்டோவைத் தவிர அந்தக் காருக்கு உலகத்தில் சாட்சி ஏதும் மிஞ்சவில்லை. மில் வாசலில் நிற்கிற தாத்தாவின் வெண்கலச் சிலைகூட அதைப் பார்த்து வார்த்ததுதான், அதனால் சிலையும் கோப்பையை இடது கையில்தான் பிடித்திருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து, பெரிய முதலாளி இடது கைக்காரர் என்பது குடும்பப் பெருமையாகவே ஆகிவிட்டிருந்தது. சென்னியப்பன் படத்தைக் கதவளவுக்குப் பெரிதாக்கச் சொல்லி வாங்கி, பென்சிலால் கட்டம் போட்டு, டயர் அளவு தெரிந்த அளவு என்பதால் அதையே கோலாக வைத்து மற்றதையெல்லாம் அளந்து, காரின் உடம்பை முதலில் மரச்சட்டத்தில் கட்டி, அலுமினியத் தகட்டை மணல் மூட்டைமேல் போட்டுக் கட்டைச் சுத்தியால் தட்டித் தட்டி, அந்தச் சட்டத்தின்மேல் தோல் மாதிரி ஏற்றினார். படத்தில் தெரிந்த பக்கத்தை ஐந்து மாதமும் தெரியாத பக்கத்தைத் தெரிந்த பக்கத்துக்கு ஜோடியாக மூன்று மாதமும் தட்டினார். உள்ளே வைத்தது பழைய ஜீப் எஞ்சின். அதற்குப் புகை வலது பக்கம் வரும். படத்திலோ குழாய் இடது பக்கம். ஆகவே எஞ்சினுக்கு அடியில் நுழைத்து, பதினாறு இடத்தில் வளைத்து, குழாயை இந்தப் பக்கம் கொண்டுவந்தார். எதிர்ப் பட்டறை லேத்துக்காரர் குப்புராசு நின்று பார்த்துவிட்டு, "எஞ்சினே அந்தப் பக்கம் போறேங்குது, நீங்க ஏனுங்க மல்லுக்கட்டறீங்க?" என்றதற்கு, "படத்துல என்ன இருக்குதோ அதுதானுங்க வேலை," என்று பதில் சொன்னார். அந்தக் குழாயின் கடைசி ஆணியை முடுக்கிவிட்டு, கை எட்டுகிறதா என்று பார்க்கத்தான் அவர் அன்றைக்கு உள்ளே உட்கார்ந்தது.

சென்னியப்பனைப் பொறுத்தவரை அவர் மாறவில்லை, ஊர்தான் மாறியிருந்தது. கிழக்கே போகிற தெருவில் இடது கைப்பக்கம் இருந்த கடைகள் வலது கைப்பக்கம் போயிருந்தன, கடைப் பலகைகளில் எழுத்துகள் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன, தகடு வெட்டுகிற கத்தரி அவர் கைக்குப் பிடிபடாமல் நழுவியது, கல்யாணப் பத்திரிகை வந்தால் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பின்பக்கமாகப் படிக்க வேண்டியிருந்தது. ஏறி இறங்கியதால்தான் இப்படி என்பதால் மறுபடி ஏறி இறங்கினால் சரியாகிவிடும் என்று அடுத்த நாள் காலையில் ஏறினார், இறங்கினார், ஒன்பது தடவை ஏறி இறங்கினார், ஒன்றும் ஆகவில்லை. இதென்ன பேச்சு என்று குப்புராசு ஏறினார். வலது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்த மனுஷன், இறங்கும்போது இடது காலைச் சாய்த்து நடந்து போனார். அவரும் இன்னொரு தடவை ஏறிப் பார்த்தார். ஆளுக்கு ஒரு தடவைதான் என்பது அப்படி முடிவாயிற்று.

அதற்கப்புறம் ஊர் அந்தக் காரோடு பழகிக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. பட்டறைக்காரர்களுக்கு ஒரு பொருள் என்ன செய்யும் என்பதுதான் கேள்வி, ஏன் செய்கிறது என்பது இன்ஜினியர்கள் வேலை. முதல் வாரத்தில் ஏழு பேர் ஏறினார்கள், மாசி முடிவதற்குள் ஐம்பத்து மூன்று பேர். முட்டிவலிக்காரர்கள் ஏறி வலியை மற்ற முட்டிக்கு மாற்றிக்கொண்டார்கள். குறைந்ததா என்று கேட்டால் குறையவில்லை, ஆனால் அதே பழைய வலியைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இது பரவாயில்லை என்றார்கள். பிறந்ததிலிருந்து நொட்டாங்கைக்காரனாக இருந்து, அதனாலேயே எந்தப் பந்தியிலும் கரண்டி தொட விடப்படாமல் நாற்பது வயதுவரை அடுப்புப் பக்கமே நின்றுபோன சமையல்காரர் மாரப்பன் ஏறினார், இறங்கினார், அடுத்த முகூர்த்தத்தில் வலது கையால் பாயசம் ஊற்றிக்கொண்டு பந்தி முழுக்க நடந்தார், நடக்கும்போதே கண்ணீர் வழிந்தது, சாப்பிட்டவர்கள் வெங்காயம் என்று நினைத்துக்கொண்டார்கள். எந்த வேலையும் இல்லாதவர்கள், வேலை இல்லாததாலேயே ஏறினார்கள்.

சங்கடங்கள் வந்தன, ஒவ்வொன்றையும் வந்த வரிசையில் தீர்த்தார்கள். இப்படி இடவலம் திரும்பினவர்களின் கட்டைவிரலை ரேஷன் கடை மிஷின் ஏற்க மறுத்ததால், கையெழுத்து வாங்கிக்கொண்டு, அந்தக் காகிதத்தைத் திருப்பி ஜன்னலுக்கு நேரே பிடித்து வாசித்துவிட்டு அரிசி போட்டார் கடைக்காரர். நேராக இருக்கிறவர்களும் திரும்பினவர்களும் தெருமுனையில் ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொண்டதால் திரும்பினவர்கள் அடையாளத்துக்குச் சிவப்புக் கயிறு கட்டுவது என்று பேசி, எந்தக் கையில் கட்டுவது என்பதில் இரண்டு நாள் வாதாடி முடிவுக்கு வராமல், கழுத்தில் கட்டிக்கொள்வது என்று ஆயிற்று. கிளினிக்கில் டாக்டர் கழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் நெஞ்சில் குழாய் வைத்தார். பெண் கேட்டு வருகிறவர்கள் சம்பளத்தைக் கேட்டுவிட்டு, "மாப்பளை நேரா இருக்கறவருங்களா, திரும்பினவருங்களா?" என்று அதையும் ஒரு வார்த்தை கேட்டார்கள். மாகாளியம்மன் கோயிலில் திருநீற்றுக்கு இவர்கள் எந்தக் கையை நீட்டுவது என்று பெரிய கேள்வி எழுந்தபோது பூசாரி, "அம்மனுக்குக் கை எதுன்னு கெடையாது, ஏந்தறானான்னுதான் பாப்பா," என்று சொல்லிவிட்டு அவரவர் நீட்டின கையில் போட்டார்.

எல்லாவற்றுக்கும் வழி கண்ட ஊர், மயிலாத்தாளுக்கு வழி சொல்லவில்லை, ஏனென்றால் அவள் யாரிடமும் கேட்கவில்லை.

அவளுக்கு அவள் புருஷன் வேண்டும். அவ்வளவுதான் விஷயம். வீட்டில் நடமாடுகிறவர் அதே குரலில் பேசுகிறார், அதே பீடியைக் குடிக்கிறார், குழம்பில் அதே குறையைச் சொல்கிறார், ஆனால் முகத்தைப் பார்த்தால் யாரோ பங்காளி வீட்டு ஆள். சிரிக்கும்போது இடது பக்கம் கோணுகிற வாய் வலது பக்கம் கோணிற்று. இருபத்து நாலு வருஷம் பார்த்த முகம் என்பது கண்ணுக்குள் ஒரு அச்சு மாதிரி பதிந்து கிடக்கிறது, இந்த முகம் அந்த அச்சில் உட்காரவில்லை. அவள் ஒவ்வொரு தடவையும் அவரைப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் திடுக்கிட்டாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் அவரும் அவளைப் பார்ப்பதில்லை என்பது பத்து நாளில் புரிந்தது. சோறு போடும்போது தட்டைப் பார்த்தார், பேசும்போது கதவைப் பார்த்தார்.

"எம் மூஞ்சியப் பாத்துப் பேசறதுக்கு என்னுங்க?" என்று ஒரு நாள் நேராகவே கேட்டாள்.

அவர் கதவைப் பார்த்தபடியே சொன்னார். "மூக்குத்தி அந்தப் பக்கம் இருக்குது மயிலு. நெத்தித் தழும்பு அந்தப் பக்கம் இருக்குது. உன்னப் பாத்தா உந் தங்கச்சி கண்ணாத்தாளாட்ட இருக்குது. கொழுந்தியாளப் பக்கத்துல வெச்சுக்கிட்டு எப்படிப் புள்ள படுக்கறது? கூச்சமா இருக்குது."

மாசி பாதியிலிருந்து அவர் பட்டறையிலேயே பாயை விரித்துப் படுத்தார். சண்டை ஒன்றும் இல்லை; அவள் சோறு கொண்டுபோனாள், அவர் கும்பிடாத குறையாக வாங்கிக்கொண்டார், இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ரொம்ப மரியாதையாக நடத்தினார்கள், அந்த மரியாதைதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஓசூரில் கட்டிக்கொடுத்த மகள் கோகிலா ஒரு நாள் வந்திறங்கினாள், வாசலில் நின்றவளைப் பார்த்து, பெற்ற தகப்பன், "வாங்க, ஆரு வேணுங்க?" என்று கேட்டுவிட்டு, குரலைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவளுக்கும் சிரித்தால் வாய் இடது பக்கம் கோணும். அப்பனுடைய வாய்.

இதற்கு ஒரே ஒரு வழி உண்டு என்பதை மயிலாத்தாள் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்திருந்தாள். திரும்பின குப்புராசைப் பார்த்துச் சென்னியப்பன், "அவுரு ஒருத்தருதான் பழையபடி இருக்கறாரு," என்று சொன்னதிலிருந்து அது பிடிபட்டது. அவளும் காரில் ஏறி இறங்கினால் அவருக்கு அவள் பழைய மயிலாத்தாளாகிவிடுவாள், அவளுக்கு அவர் பழைய சென்னியப்பனாகிவிடுவார், ஒருத்தருக்கொருத்தர் நேராகிவிடுவார்கள். ஆனால் அதற்கப்புறம் உலகத்தில் மற்றதெல்லாம் திரும்பிவிடும், தையல் மிஷினின் சக்கரம் திரும்பிவிடும், தெரு திரும்பிவிடும், அதெல்லாம் போனால் போகிறது, மகள் முகம் திரும்பிவிடும். அதுவும் ஆளுக்கு ஒரு தடவைதான். புருஷன் முகமா மகள் முகமா என்று தராசு கட்டிப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை. இன்றைக்கு ஏறலாம், நாளைக்கு ஏறலாம் என்று பங்குனிவரை தள்ளிப்போட்டாள். கார் அங்கேதானே நிற்கிறது என்கிற தைரியம் இருந்தது.

அந்தத் தைரியத்தை அவளே கெடுத்துக்கொண்டாள். சீட்டுக்குக் கடைசிப் பட்டையைத் தைக்க வேண்டி, படத்தில் அது எந்த இடத்தில் முடிகிறது என்று பார்க்கப் போனவள், பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, பெரிய முதலாளியின் சட்டையைப் பார்த்தாள். பதினோரு மாதமாக அந்தப் படத்தில் எல்லாரும் காரைத்தான் பார்த்தார்கள், ஆளை ஒருத்தரும் பார்க்கவில்லை. பாக்கெட் வலது பக்கம் இருந்தது. பொத்தான் பட்டி, பெண்கள் ரவிக்கைக்கு வைக்கிற மாதிரி வலது மேலாக மூடியிருந்தது. எந்தத் தையல்காரனும் ஒரு முதலாளிக்கு அப்படித் தைத்துக் கொடுத்துவிட்டு ஊரில் இருக்க முடியாது. தை மாதத்தில் சென்னியப்பன் போட்டுக்கொண்டு வந்த சட்டை அவளுக்கு ஞாபகம் வந்தது, உடனே முழுசும் விளங்கிவிட்டது: அந்தக் காலத்தில் ஸ்டுடியோக்காரன் நெகட்டிவைப் பின்பக்கமாகப் புரட்டி வைத்துப் பிரிண்ட் போட்டுவிட்டான், எட்டு என்கிற நம்பர் எப்படித் திருப்பினாலும் எட்டாகவே இருந்ததால் யாருக்கும் தெரியாமல் போயிற்று, சென்னியப்பன் அந்தத் தப்பை ஒரு ஆணி மாறாமல் செய்து வைத்திருக்கிறார்.

பதினெட்டு நாள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அவர் குழாயை அறுத்து அந்தப் பக்கம் வைத்துவிடுவார், வேலையில் தப்பு என்று தெரிந்தும் கொடுத்து அனுப்புகிற ஆள் அவர் இல்லை, அப்புறம் அது வெறும் கார். பத்தொன்பதாம் நாள் சோறு கொண்டுபோனபோது அவர் காரின் மூக்கைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ரோசனை பண்ணிப் பாத்தேன் மயிலு," என்றார், காரைப் பார்த்தபடியே. "தெரியாத பக்கத்தத் தட்டறப்ப ஒரு எடத்துல அரை நூல் அளவு குத்துமதிப்பாப் போட்டுட்டேன். அதாம் போல. ஐம்பத்து மூணு பேரு குடும்பத்துக்கு நாம் பண்ணுன பாவம்."

அவளால் அதற்கு மேல் முடியவில்லை. "உங்க கையில ஒரு தப்பும் இல்லீங்க," என்று சொல்லி, படத்துக்கு முன்னால் கூட்டிப்போய், பாக்கெட்டையும் பொத்தான் பட்டியையும் விரலால் தொட்டுக் காட்டினாள்.

உலகமே திரும்பித் தெரிகிற சென்னியப்பன் கண்ணுக்கு அந்தப் படத்து ஆள் மட்டும் நேராகத் தெரிந்தார், அதுவே சாட்சியாயிற்று. அப்புறம், "ஒரு ஆணி மாறக் கூடாதுன்னாரு. காரே மாறிப் போச்சு," என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு மில்லுக்குப் போனார். அவள் சோற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

ஜெயவர்த்தன் முதலில் நம்பவில்லை. மில்லில் அந்தக் காலத்திலிருந்து கேட் காவலில் இருந்து ஓய்வுபெற்றவரை வீட்டிலிருந்து அழைத்துவந்து கேட்டார்கள். "பெரிய மொதலாளி சோத்தாங்கையிலதானுங்க எல்லாம் பண்ணுவாரு. புகைக்கொழாயி வலது பக்கந்தான், ஒரு தடவை தொட்டுக் கை வெந்து போச்சு," என்றார் அவர், உள்ளங்கையை நீட்டிக் காட்டி. இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, ஒருத்தரும் கேட்கவில்லை என்றார். ஜெயவர்த்தன் ஜன்னல் வழியாகச் சிலையைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "சிலைய ஒண்ணும் பண்ண முடியாதுங்க. கார மாத்திருங்க. வெள்ளிக்கெழமை பத்து மணிக்கு லாரி வரும்."

அந்த வாரம் ஊரில் கூட்டம் நிற்கவில்லை. நாளைக்கு என்று வைத்திருந்தவர்களெல்லாம் வரிசையில் வந்தார்கள், பல்லடத்திலிருந்து நொட்டாங்கைக்காரர்கள் ஒரு வேனில் வந்து இறங்கி, சோற்றாங்கைக்காரர்களாக அதே வேனில் ஏறிப் போனார்கள். காரை அப்படியே விட்டுவிடச் சொல்லி ஒரு கூட்டமும் போட்டார்கள்; அதில் மாரப்பன் எழுந்து நல்லபடியாகப் பேசினார், எல்லாரும் கேட்டார்கள், கடைசியில், அடுத்தவர் கொடுத்த வேலையை அவர் சொன்னபடி செய்து கொடுப்பதுதான் பட்டறைக்கு அழகு என்று முடிவாகி, டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் மயிலாத்தாள் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு பட்டறைக்கு வந்தாள். முலாம் போடக் கொடுத்திருந்து அன்றைக்குத்தான் வந்து சேர்ந்த இரண்டு வட்டக் கண்ணாடிகளை, ஓட்டுகிறவர் பின்னால் வருகிற காரைப் பார்ப்பதற்கு வைக்கிறதே அதை, குழியின் இரண்டு பக்கமும் சென்னியப்பன் அப்போதுதான் மாட்டி முடித்திருந்தார். கையில் குழாயை அறுக்கிற ரம்பம் இருந்தது.

"சித்தெ தள்ளுங்க மாமா," என்றாள். "நான் ஏறோணும்."

அவர் ரம்பத்தைக் கீழே வைத்தார். "கோகிலா?"

"அவ அவ புருசன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கறா. நான் எம் புருசன் மூஞ்சியப் பாக்கோணும்."

"வேண்டா மயிலு. நாம் படற பாட்டப் பாத்தீல்ல. ஊரே அந்நியமாப் போயிரும். பெத்த புள்ளய ஆருன்னு கேக்கோணும். அந்த வேதனை உனக்கு வேண்டா."

"மூணு மாசமா நான் அந்நியத்தாருக்குத்தான் சோறு போடறேன்," என்றாள் அவள். சொன்னதில் முடிவு செய்துவிட்டவளுக்கு வருகிற ஒரு நிதானம் இருந்தது. சேலையைத் தூக்கிச் செருகினாள். அவள் பிடிவாதம் தெரிந்த மனுஷன், விழுந்துவிடாமல் பிடிக்கவாவது பிடிப்போம் என்று பின்னால் வந்து முழங்கையைத் தாங்கிக்கொண்டார். அவள் காரின் விளிம்பைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்து, மற்றக் காலை எடுப்பதற்காகக் குனிந்தாள்.

குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"என்ன புள்ள?"

"அசையாதீங்க."

"கால் வழுக்கீருச்சா?"

"அசையாதீங்கன்னு சொல்றேன். அந்த வட்டத்துக்குள்ள பாருங்க."

உள்ளங்கை அகல வட்டத்துக்குள், அவள் தோளுக்குப் பின்னால், சென்னியப்பன் நின்றார். மச்சம் இருக்க வேண்டிய கன்னத்தில் இருந்தது. வாய் கோண வேண்டிய பக்கம் கோணியிருந்தது. அவள் கழுத்தில் தாலி கட்டின சென்னியப்பன், பொங்கல்வரைக்கும் வீட்டில் படுத்துத் தூங்கின சென்னியப்பன். அவர் குனிந்து அந்த வட்டத்துக்குள் பார்த்தார். அவருக்கு அங்கே மூக்குத்தி தன் பக்கத்தில் மின்னுகிற, நெற்றித் தழும்பு தன் பக்கத்தில் கிடக்கிற அவருடைய பெண்டாட்டி தெரிந்தாள், கொழுந்தியாள் அல்ல. சேர்ந்து நின்று கண்ணாடி பார்ப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை; அவர் சவரம் செய்துகொள்வது கடையில், அவள் பொட்டு வைத்துக்கொள்வது கைப்பழக்கத்தில்; அதனால்தான் இது தெரிய மூன்று மாதம் ஆயிற்று.

"மயிலு," என்றார் சென்னியப்பன், கண்ணாடியிடம். அவர் அழுதார், அழுவதை அவள் கண்ணாடியில் பார்த்தாள், அழும்போதும் அந்த வாய் சரியான பக்கம்தான் கோணிற்று.

அவள் உள்ளே வைத்த காலை எடுத்து வெளியே வைத்தாள். சேலையை இறக்கிவிட்டாள். "இத மட்டும் கழட்டிக் குடுங்க," என்றாள்.

அவர் கழற்றிக் கொடுத்தார். அப்புறம் ரம்பத்தை எடுத்து இடது பக்கத்துக் குழாயை அறுத்து, எஞ்சின் ஆசைப்பட்டபடியே வலது பக்கம் நேராக விட்டு, ஆணி முடுக்கினார். பத்து மணிக்கு லாரி வந்தபோது அது எல்லாரும் ஏறி இறங்கக்கூடிய சாதாரணக் காராக இருந்தது. விழாவில் அது சிலைக்குப் பக்கத்தில் நின்றது. ஒரு பக்கம் கண்ணாடி இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை, கேட்டிருந்தால் சென்னியப்பன் சொல்லியிருப்பார், அவர் செய்த வேலைகளில் தெரிந்தே குறை வைத்து அனுப்பியது அது ஒன்றுதான்.

கண்ணாடியை மயிலாத்தாள் சமையலறைச் சுவரில், உட்கார்ந்தால் முகத்துக்கு நேரே வருகிற உயரத்தில் அடித்து வைத்தாள். பாய் பட்டறையிலிருந்து வீட்டுக்கு வந்தது. ஆடிக்கு வந்த கோகிலாவை, அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "வா கண்ணு, எளைச்சுப் போயிட்ட," என்று கூப்பிட்டார். இப்போதும் சாயங்காலம் டீயை வைத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தே பேசிக்கொண்டிருக்கிறார்கள். விஷயம் தெரியாமல் உள்ளே வருகிறவர்கள், ஐயோ பாவம், இந்த வயசிலும் இவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போகிறார்கள்.